பதினான்கு ஏலங்களில் தோற்றவர்

கைப்பேசியில் படம் எடுத்து, அதிலேயே விலை போட்டு, வீட்டு வாசலுக்கே ஆள் வந்து பெட்டியை எடுத்துப்போகும் காலத்தில் நீங்கள் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள். சென்ற மாதம் நாம் விற்பனையாளர்கள் கூடியபோது என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னீர்கள். இணைய ஏலத்தில் லாபம் பார்ப்பது எப்படி என்று எழுதுவேன் என நினைத்திருப்பீர்கள். லாபத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததை அரைப் பக்கத்தில் சொல்லிவிடலாம். பொறாமையைப் பற்றித்தான் எனக்கு அதிகம் தெரியும். பொறாமையால் நான் ஒருவருடைய தொழிலை ஐந்து நாள் நிறுத்தி வைத்தேன். ஆறாவது நாள் அது ஒரேயடியாக நின்றிருக்க வேண்டியது. அந்த ஒரு வாரத்தை மட்டும் சொல்கிறேன்.

நான் ஒரு மாலைப் பத்திரிகையில் பதினெட்டு ஆண்டுகள் இருந்தவன். முதலில் நிருபர், பிறகு உதவி ஆசிரியர். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில ஆண்டுகளில் பத்திரிகை நின்றது. கையில் வந்த தொகையில் ஒரு கணினியும் ஒரு டிஜிட்டல் கேமராவும் வாங்கினேன். மேற்குத் தாம்பரத்தில் வீடு. வெள்ளிக்கிழமை காலையில் பல்லாவரம் சந்தைக்குப் போய்ப் பழைய ஃபிலிம் கேமராக்கள், ஊற்றுப் பேனாக்கள் வாங்குவேன். துடைத்து, படம் எடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஏலத் தளத்தில் போடுவேன். ஒவ்வொரு ஏலமும் ஏழு நாள். யார் எவ்வளவு கேட்டார்கள் என்பது, கேட்டவரின் புனைபெயரோடும் ஊரோடும், அப்போது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பொருள் கைக்கு வந்ததும் வாங்கியவர் விற்றவரைப் பற்றி நல்லவர் என்றோ மோசம் என்றோ ஒரு வரி எழுதுவார். எத்தனை பேர் நல்லவர் என்று எழுதினார்களோ, அந்த எண் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் நிற்கும். இந்தத் தொழிலில் கடை, பெயர்ப்பலகை, மூலதனம் எல்லாம் அந்த எண்தான். அதை விற்க முடியாது, வேறு கணக்குக்கு மாற்றவும் முடியாது.

சண்முகம் சாலைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கூரியர் அலுவலகம் இருந்தது. மாலை ஐந்து மணிக்கு எங்களைப் போன்ற ஐந்தாறு பேர் பெட்டிகளோடு வரிசையில் நிற்போம். யாருக்கு வியாபாரம் எப்படி என்பதை அறிய வேறு வழியே தேவையில்லை. பெட்டிகளை எண்ணினால் போதும். எண்ணுவதற்குச் சோம்பல்பட்டால் கவுண்ட்டரில் இருந்த தணிகாசலமே சொல்லிவிடுவார். அவருக்கு என் வயதுதான் இருக்கும். மனிதரைச் சீண்டுவதில் தனி ருசி உள்ளவர்.

“இன்னா சார், இன்னிக்கு ரெண்டே ரெண்டுதானா?”

“ரெண்டு போதும் தணிகா.”

“அக்கா பதினொண்ணு போட்டுச்சு. தராசே சூடாயிடுச்சு. தொட்டுப் பாக்குறீங்களா?”

அந்த அக்காவின் பெயர் கஸ்தூரி. வயது முப்பதுக்குள். கோவளத்தில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். தாயார் அங்கே கரையில் மீன் ஏலம் விடுபவர். கணவர் சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் ஓட்டினார். வீடு இரும்புலியூரில். தாம்பரம் சானடோரியம் பகுதியில் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனி ஒன்றில் ஆறு ஆண்டு தையல் வேலை பார்த்தவர். ஏலத்தில் வருவது சம்பளத்தைத் தாண்டிய மாதம் வேலையை விட்டார். அவருடைய பார்சல்களை வரிசையில் அடையாளம் காண முடியும். அட்டைப் பெட்டிக்கு மேல் துணி வைத்து, நான்கு ஓரமும் ஒரே அளவுத் தையல் போட்டிருப்பார். என் பார்சல்களில் பழுப்பு நாடா ஒட்டியிருக்கும். அதுவும் கோணலாக.

அவரிடம் எனக்கு நேர்ப் பகை எதுவும் கிடையாது. “வணக்கம் சார்” என்பார், “நல்லா இருக்கியாம்மா?” என்பேன். அவ்வளவுதான் பழக்கம். ஆனால் அந்த ஆண்டு சித்திரையில் பல்லாவரத்தில் ஒன்று நடந்தது. ஒரு பழைய பொருள் வியாபாரியிடம் ஒரே மாதிரியான இரண்டு கேமராக்கள் இருந்தன. நான் முதலில் போனேன். இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்து நல்லதை எடுத்துக்கொண்டேன். மற்றதில் இடது மூலை நசுங்கியிருந்தது, லென்ஸுக்குள் பூஞ்சை. அரை மணி நேரம் கழித்துக் கஸ்தூரி வந்து அதை வாங்கிப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது.

இருவரும் அந்த ஞாயிற்றுக்கிழமையே போட்டோம். நான் தொடக்க விலை ஐந்நூறு வைத்தேன். முந்நூறு சொற்களில் ஒரு வருணனை எழுதினேன். அதில் தேய்ந்த தோலுறையின் மீது மாலை வெயில் விழுவதெல்லாம் வந்தது. கஸ்தூரியின் தொடக்க விலை தொண்ணூற்றொன்பது. வருணனை நான்கு வரி. முதல் வரி, இடது மூலை நசுங்கியது. இரண்டாவது வரி, லென்ஸில் பூஞ்சை. நசுங்கிய மூலையை மட்டும் மூன்று கோணத்தில் படம் எடுத்துப் போட்டிருந்தார். ஏழாவது நாள் என்னுடையது ஐந்நூற்றுப் பத்துக்குப் போனது. இரண்டே பேர் கேட்டார்கள். அவருடையதைப் பத்தொன்பது பேர் மாறி மாறிக் கேட்டு ஆயிரத்து நூற்று நாற்பதில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

அன்றிலிருந்து என் ஏலங்களைவிட அவருடைய ஏலங்களைத்தான் அதிகம் பார்த்தேன். காலையில் காப்பிக்கு முன் அவர் பக்கம். மதியம் சாப்பாட்டுக்குப் பின் அவர் பக்கம். பத்திரிகையில் இருந்த காலத்தில் போட்டிப் பத்திரிகையை இப்படித்தான் படிப்பேன். அதற்குச் சம்பளம் தந்தார்கள். இதற்கு யாரும் தரவில்லை.

பார்த்துக்கொண்டே இருந்தால் ஏதாவது கண்ணில் படும். எனக்கு ஒரு புனைபெயர் பட்டது. ‘ஒளிக்கதிர்’. ஊர் தாம்பரம் வட்டாரம். மூன்று மாதத்தில் இவர் கஸ்தூரியின் பதினான்கு கேமரா ஏலங்களில் விலை கேட்டிருந்தார். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலேயே நுழைந்து, விலையை முந்நூறு, நானூறு வரை ஏற்றிவிட்டு, அதற்கு மேல் காணாமல் போனார். தாம்பரத்திலேயே இருக்கும் என்னுடைய ஏலம் எதிலும் ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை.

இந்தத் தொழிலில் அதற்கு அர்த்தம் ஒன்றுதான் என்று முடிவு செய்தேன். விற்பவரே இன்னொரு பெயரில் வந்து தன் பொருளுக்கு விலை ஏற்றுவது. தளத்தின் விதிகளில் முதல் குற்றம் அது. கணக்கையே மூடிவிடுவார்கள்.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் என்னைவிடத் திறமைசாலி இல்லை, திருடி. இதைவிட நிம்மதி தரும் செய்தி அந்த ஆண்டில் எனக்கு வரவில்லை.

ஒரு புகார் எழுதினேன். பதினான்கு ஏலங்களின் எண்கள், ‘ஒளிக்கதிர்’ நுழைந்த நேரம், ஏற்றிய தொகை, வெளியேறிய தொகை, எல்லாவற்றையும் அட்டவணையாகப் போட்டேன். ஒரு மிகையான சொல் இல்லை. ஒரு தகவல் பிழை இல்லை. பத்திரிகை நின்ற பிறகு நான் எழுதியவற்றில் அதுதான் நல்ல எழுத்து.

நான் நிருபராகச் சேர்ந்த புதிதில் எங்கள் செய்தி ஆசிரியர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். யார் மீதாவது குற்றம் சொல்லும் செய்தியைக் கொண்டுபோனால் அதைப் படிக்க மாட்டார். “அந்த ஆள்கிட்ட பேசினியா?” என்று மட்டும் கேட்பார். பேசவில்லை என்றால் தாளைத் திருப்பித் தந்துவிடுவார். “எதிர்த்தரப்பைக் கேக்கலேன்னா இதுக்குப் பேர் செய்தி இல்லப்பா. மொட்டைக் கடுதாசி.” பதினெட்டு ஆண்டு நான் அந்த விதியை மீறியதில்லை. பெரிய மனிதர்கள், ரவுடிகள், எல்லோருக்கும் தொலைபேசி செய்து கேட்டிருக்கிறேன். தினமும் ஐந்து மணிக்கு எனக்கு முன்னால் வரிசையில் நிற்கும் பெண்ணிடம் “யாரம்மா இந்த ஒளிக்கதிர்?” என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் கிடைத்துவிடுமோ என்ற பயம். அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினேன்.

ஒரு திங்கட்கிழமை காலை அவருடைய பக்கத்தைத் திறந்தேன். நடந்துகொண்டிருந்த ஏலங்கள் எல்லாம் ரத்து. கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அவர் பெயருக்குப் பக்கத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு என்ற எண் சாம்பல் நிறமாகியிருந்தது. அன்று மாலை வரிசையில் அவர் இல்லை. தணிகாசலம்கூடச் சீண்டாமல் என் பெட்டிகளை எடை போட்டார்.

செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். கையில் பார்சல் இல்லை. ஒரு பிளாஸ்டிக் உறையில் காகிதங்கள் இருந்தன. வரிசையில் யாரிடமும் பேசாமல் நேரே என்னிடம் வந்தார்.

“சார், நீங்க பேப்பர்ல இருந்தவரு. இங்கிலீஷ்ல நல்லா எழுதுவீங்கன்னு தணிகா அண்ணன் சொல்லிச்சு. எனக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுக்கணும் சார்.”

“எதுக்கும்மா?” என்றேன். அந்தக் கேள்வி பொய்யான கேள்வி.

“அக்கவுன்ட்ட நிறுத்திட்டாங்க சார். யாரோ கம்ப்ளெயின்ட் குட்த்துக்கீறாங்க. நானே வேற பேர்ல வந்து வெல ஏத்துறேனாம். வெள்ளிக்கிழம சாயங்காலம் ஆறு மணிக்குள்ள பதில் சொல்லலன்னா மூடிடுவாங்களாம். அறுநூத்திப் பன்னெண்டு பேரு நல்லவன்னு எழுதினாங்க சார். ஒரே ராத்திரில ஃபிராடாயிட்டேன்.”

“புதுசா ஒரு கணக்கு…”

“சீரோலேர்ந்தா? மூணு வர்ஷம் ஆவும் சார். அதுவரைக்கும் வூட்ல இன்னா பண்றது? மறுபடி கம்பெனி லைன்ல போய்த்தான் நிக்கணும். ஒன்பது மணி நேரம் மிஷின மிதிச்சுகினே கெடக்கணும். என்னால முடியாது சார், கால்ல நரம்பு சுருட்டிக்கினு கீது.”

நான் மறுத்திருக்கலாம். வேலை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறேன். இரக்கத்தால் என்று எழுத ஆசைதான். உண்மையில், என் செய்தி சரியா என்று பார்க்கும் ஆவல். நிருபர் புத்தி.

எதிரில் இருந்த தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். உறையிலிருந்து தளத்தின் மடலை எடுத்து நீட்டினார், அதில் அந்தப் புனைபெயர் இருந்தது. குறிப்பேட்டை எடுத்தேன். முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

“யாரும்மா இந்த ஒளிக்கதிர்?”

“வாத்தியாரு சார்” என்றார், எல்லோருக்கும் தெரிந்த ஆள் போல. “மாடம்பாக்கத்துல பள்ளிக்கூடத்து வாத்தியாரு. பசங்களுக்குப் பிரிச்சுக் காட்டறதுக்குக் கேமரா கேப்பாரு. பாவம், எப்பவும் தோத்துடுவாரு.”

“தோத்தவர உனக்கு எப்படித் தெரியும்? வாங்குறவங்க விலாசந்தானே நமக்கு வரும்?”

“நான் தோத்தவங்களுக்குத்தான் சார் சைட்டு வழியா மெயில் போடுவேன். எடுத்தவங்களுக்குப் பொருளே போவுதே, மெயில் எதுக்கு?”

எனக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்கும். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“கரையில எங்கம்மா ஏலம் வுடும்போது எடுத்தவங்கள பாக்காது சார். வெல கேட்டுட்டுப் பாதில வுட்டவங்கள பாக்கும். ஏலம் முடிஞ்சதும் நாலு மீன எடுத்து அவங்க கூடைல போடும். வெறுங்கூடையோட போனா நாளைக்கி வரமாட்டாங்க. அவங்க வரலன்னா எடுக்கறவன் சொல்றதுதான் வெல. ஏத்தி வுடறதுக்கு ஆளு வாணாமா? அதான் நானும் எழுதுவேன். ‘போனது போவட்டும், அடுத்த வாரம் இதே மாதிரி ஒண்ணு வருது, பாருங்க’ன்னு. வாத்தியாருக்கு மட்டும் ரிப்பேரான ஒண்ண சும்மாவே குட்த்தேன், பாவம்.”

பத்தொன்பது பேர் மாறி மாறிக் கேட்டதன் ரகசியம் அவ்வளவுதான். மூன்று மாதம் உற்றுப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியாததை அவர் ஒரு தேநீர் முடிவதற்குள் சொன்னார். அவரைத் திருடி என்று நம்பியது எனக்கு நிம்மதி தந்தது என்று முன்பே எழுதினேன். அந்த நிம்மதி அங்கே போயிற்று. பொறாமை போகவில்லை. அதுவரை அவருடைய லாபத்தின் மீது இருந்தது, இப்போது அவருடைய மூளையின் மீதும் வந்தது.

புதன்கிழமை மாடம்பாக்கத்துக்குப் போனோம். வாத்தியார் ஐம்பது வயதுக்காரர், இயற்பியல். ஆய்வுக்கூட மேசை மீது கஸ்தூரி இலவசமாகத் தந்த கேமரா நாற்பது துண்டுகளாகக் கிடந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில் பெயர் எழுதிய சீட்டு.

“நான் போலி ஆளா?” என்று அவர் சிரித்தார். “என் பொண்டாட்டிகிட்ட சொல்லுங்க, சந்தோஷப்படுவா.”

“சார், நீங்க ஏன் எப்பவும் நானூறோட நிறுத்திடறீங்க?” என்று கேட்டேன்.

“கைக்காசு சார். மாசத்துக்கு நானூறுன்னு வெச்சிருக்கேன். அதுக்கு மேல போக மாட்டேன்.”

“தாம்பரத்துலயே இன்னொருத்தர் கேமரா விக்கிறாரே. அவர் ஏலத்துல நீங்க கேட்டதே இல்லையே?”

“அவரா? அவர் ஆரம்பமே ஐந்நூறு சார். கதவத் தொறக்கறதுக்கு முன்னாடியே வெளியில நிக்க வெச்சுடறாரு. ஆனா நல்லா எழுதறாரு. படிப்பேன்.”

கஸ்தூரி என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அந்த இன்னொருவர் யார் என்று வாத்தியாருக்குத் தெரியாது.

என் அட்டவணையில் எல்லாத் தகவலும் சரி. பதினான்கு சரி, நானூறு சரி, என் ஏலத்துக்கு வராததும் சரி. அவற்றிலிருந்து நான் எடுத்த முடிவு மட்டும் பொய். தகவல் சரியாக இருப்பதாலேயே நாம் சொல்வது உண்மையாகிவிடும் என்று நினைக்காதீர்கள். கெட்ட எண்ணத்துக்கு மிகவும் வசதியானது சரியான தகவல்தான்.

வாத்தியார் தம் பள்ளியின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். திரும்பி வரும் வழியில், பேருந்தில், கஸ்தூரி கேட்டார். “லெட்டர்ல இன்னா சார் எழுதுவீங்க?”

“முக்கியமானது எதுவோ அத முதல்ல போடணும்மா. படிக்கிறவன் முதல் ரெண்டு பத்திக்கு மேல படிக்க மாட்டான். பத்திரிகைப் பாடம் அது.”

“அப்ப வாத்தியாருதான் மொதல்ல.”

“ஆமா.”

அன்று மாலை என் கணினிக்கு முன் உட்கார்ந்தேன். இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம். புகார் அனுப்பியதை அறியாமை என்று சொல்லிக்கொள்ள ஒரு சந்து இருக்கிறது. இதற்கு இல்லை. கஸ்தூரி குற்றமற்றவர் என்று இப்போது எனக்குத் தெரியும். ஒரு பெண்ணுடைய பிழைப்பு என் விரல் நுனியில் இருக்கிறது என்றும் தெரியும். அறையில் யாரும் இல்லை.

கடிதத்தை இப்படித் தொடங்கினேன். அறுநூற்றுப் பன்னிரண்டு வாடிக்கையாளர்களின் நன்மதிப்பைப் பெற்றவர். எளிய மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் பத்தியில் அவருடைய தையல் வேலை, கால் வலி. மூன்றாம் பத்தியில் தளத்தின் மீது அவர் வைத்திருக்கும் மரியாதை. வாத்தியார் அடுத்த பக்கத்தில், கடைசிப் பத்தியில் வந்தார். எதையும் விடவில்லை. எதையும் மாற்றவில்லை. ஆங்கிலம் அழகாக இருந்தது. ஒரு செய்தியைக் கொல்வதற்கு அதை அழிக்க வேண்டியதில்லை, கீழே இறக்கினால் போதும். உதவி ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் தெரிந்த வித்தை.

பிறகு கஸ்தூரி என் வீட்டுக்கு வந்து திரையைப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுதான். “நெறைய கீது சார். நல்லாத்தான் இருக்கும்” என்றார். அனுப்பினோம். ஒரு பிரதியை அச்செடுத்து வாங்கிக்கொண்டு போனார்.

வியாழன் மதியம் பதில் வந்தது. மூன்று வரி. தங்கள் சூழ்நிலை வருந்தத்தக்கது. சந்தேகத்துக்குரிய கணக்கைப் பற்றித் தாங்கள் விளக்கவில்லை. முடிவில் மாற்றமில்லை. நான் கணித்தபடியே, முதல் பக்கத்துக்கு மேல் யாரும் படிக்கவில்லை.

கஸ்தூரி மாலையில் கூரியர் அலுவலகத்துக்கு வந்தார். அழவில்லை. “பரவால்ல சார், நீங்க இன்னா பண்ணுவீங்க? எனக்காக மாடம்பாக்கம் வரைக்கும் வந்தீங்க” என்றார். நாளைக் காலையில் பழைய கம்பெனி சூப்பர்வைசரைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். போகும்போது எனக்கு நன்றி சொன்னார்.

என்னை அசைத்தது அந்த நன்றிதான் என்று சொன்னால் நம்புவீர்கள். அது பாதிதான். அடுத்த நாளிலிருந்து தாம்பரத்தில் கேமரா விற்பவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துப் பார்த்தேன். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பந்தயத்தில் பக்கத்தில் ஓடுகிறவரின் காலைத் தட்டிவிட்டவன் எத்தனை வேகமாக ஓடினான் என்று யார் கணக்கெடுக்கப் போகிறார்கள்? நான் நன்றாக விற்கிறேனா என்பது எனக்கே இனித் தெரிய வழியில்லை.

வெள்ளிக்கிழமை பல்லாவரத்துக்குப் போகவில்லை. காலை எட்டு மணிக்கு என் சொந்தக் கணக்கிலிருந்து தளத்துக்கு எழுதினேன். ஆறு வரி. புகார் கொடுத்தவன் நான். புகார் தவறு. ‘ஒளிக்கதிர்’ உண்மையான மனிதர், பள்ளி ஆசிரியர், நேரில் பார்த்தேன். இதோ அவருடைய தொலைபேசி எண், இப்போதே அழைத்துப் பேசுங்கள். என் புகாரை முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன். கணக்கை இன்றே திறந்துவிடுங்கள். பிறகு, பதினெட்டு ஆண்டுப் பழக்கத்தில், அவர்கள் அலுவலகத்துக்கும் தொலைபேசி செய்தேன். நான்கு முறை. நான்காவது முறை பேசியவர் வாத்தியாரை அழைப்பதாகச் சொன்னார். மாலை நாலே காலுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு மறுபடி நீல நிறமானது. நாலரைக்கு எனக்கு ஒரு மடல் வந்தது. ஆதாரமற்ற புகார் கொடுத்ததற்காக என் கணக்கு ஒரு மாதம் நிறுத்தப்பட்டிருந்தது. அது நியாயம்.

புகார் கொடுத்தவர் யார் என்று தளம் யாருக்கும் சொல்லாது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். இரண்டு நாள் மூடிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை இரும்புலியூருக்குப் போனேன்.

கஸ்தூரி தரையில் உட்கார்ந்து பார்சலுக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தார். கணவர் வண்டியைக் கழுவப் போயிருந்தார். எனக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். “அக்கவுன்ட்டு வந்திருச்சு சார்! உங்க லெட்டர மறுபடி படிச்சிருப்பாங்க” என்றார்.

“இல்லம்மா. புகார் கொடுத்ததே நான்தான்.”

ஊசி நின்றது. நான் நிறுத்தாமல் பேசினேன். பதினான்கு ஏலங்கள், ஊர் ஒன்றாக இருந்தது, தளத்தின் விதி, அந்தச் சூழ்நிலையில் யாருக்கும் சந்தேகம் வருவது இயல்பு என்பது, திரும்பப் பெற்றது, நான்கு தொலைபேசி அழைப்புகள், என் கணக்கு நின்றது. எல்லாவற்றையும் வரிசைக்கிரமமாகச் சொன்னேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

“இத ஏன் சார் எங்கிட்ட சொல்றீங்க?” என்றார் கடைசியில்.

“உனக்குத் தெரியணும்னு.”

“தெரிஞ்சு நான் இன்னா பண்ணுவேன்? நாளைலேர்ந்து லைன்ல உங்களப் பாத்தா வணக்கம் சொல்றதா வாணாமான்னு தினம் யோசிக்கணும். இத்தினி நாள் உங்க மனசுல கெடந்த பேஜாரு. தூக்கி என் தலையில வெச்சிட்டீங்க. நீங்க லேசாயிட்டீங்க.”

எழுந்தேன். செருப்பை மாட்டும்போது கூப்பிட்டார்.

“சார், ஒண்ணு கேக்கணும். அந்த லெட்டர வாத்தியாருகிட்ட குடுத்துப் படிக்கச் சொன்னேன். அவரு மேட்டரு கடைசிப் பத்தியிலதான் வருதுன்னாரு. முக்கியமானத மொதல்ல போடணும்னு நீங்கதான சார் பஸ்ல சொன்னீங்க? பின்ன ஏன் கடைசில போட்டீங்க?”

எத்தனையோ பேரிடம் கேள்வி கேட்டிருக்கிறேன். இவ்வளவு சரியான இடத்தில் நான் கேட்டதில்லை. கவனக்குறைவு என்று சொல்லலாம், அவசரம் என்று சொல்லலாம். அவர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“பொறாமைம்மா” என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் இல்லை. ஒரு பொருளைக் கையில் வாங்கிப் பழுது எங்கே என்று பார்ப்பது போன்ற பார்வை.

“பத்து நிமிஷமா பதினாலு ஏலம், ரூலு, அது இதுன்னு இன்னான்னாவோ சொன்னீங்க” என்றார். “இத மொதல்ல சொல்லியிருக்கலாம்ல சார்.”

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அடுத்த பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.